சொங்கிக்கு வெறி பிடித்த கதை

குதிரை லத்தியை வெறுங்கையால் அள்ளிக் கூடையில் போடுகிறவளுக்கு அருவருப்பு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று கேட்பவர்கள், அவளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் நின்று பார்த்ததில்லை. லத்தி அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. புல்லைத் தின்று ஏறக்குறைய புல்லாகவே போடுகிறது, இதில் மூக்கைப் பிடிக்க என்ன இருக்கிறது என்பாள். அவளுக்குக் குமட்டுவதெல்லாம் இரண்டு கால் பிராணிகளிடம்தான். ஐஸ்கிரீம் வழியும் கையைக் குதிரையின் பிடரியில் துடைக்கும் பிள்ளை, அதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிக்கும் தாய், "இது உதைக்குமா?" என்று கேட்டுக்கொண்டே வாலை இழுத்துப் பார்க்கும் தகப்பன், வரிசையைத் தாண்டி முன்னால் வந்து "எங்க பாப்பா அழுவா" என்று மூக்கால் பேசுகிறவர்கள். ஆளுக்கொரு "ச்சீ" அவளிடம் உண்டு. அதையும் வாய்க்குள் சொல்லமாட்டாள். பூங்காவுக்கு வரும் பிள்ளைகள் அவளுக்கு ச்சீ அக்கா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வயது நாற்பத்தாறு ஆகிறது, ஆனாலும் அக்காதான்.

பூங்காவில் குதிரைச் சவாரி நடத்த வருவதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூட வேனில் ஆயாவாக இருந்தாள். வேனை ஓட்டியது அவள் புருஷன். அவர் முன்னால் பார்த்து ஓட்டுவார். பின்னால் இருபத்திரண்டு பிள்ளைகளின் சளி, வாந்தி, கிள்ளல், கடி எல்லாம் இவள் பொறுப்பு. அத்தனை வருடத்தில் ஒரு பிள்ளைக்கு நகம் பெயர்ந்தது கிடையாது. படியிறங்கும் பிள்ளையின் கையைப் பெற்றவள் கையில் கொடுத்த பிறகுதான் தன் கையை எடுப்பாள். செல்போனில் பேசிக்கொண்டே இடது கையை நீட்டும் தாய்மாரிடம் பிள்ளையைக் கொடுக்கமாட்டாள். "முதல்ல பேசி முடிங்க" என்று வேனை நிறுத்திவைப்பாள். பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கும், புருஷன் தலையில் அடித்துக்கொள்வார், அவள் அசைய மாட்டாள்.

அந்த வேன் ஒருமுறை பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனது. போன இடத்தில், மூடப்போகிற ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் பின்பக்கம், மூன்று மட்டக்குதிரைகள் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தன. அவற்றின் முதுகில் சேணம் உரசின புண்ணில் ஈ மொய்த்தது. பராமரிக்கிறவன் பக்கத்திலேயே உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் பார்த்தாள், "ச்சீ, இதுக்குப் பக்கத்துல உனக்கு எப்படிய்யா சோறு இறங்குது?" என்றாள். அடுத்த மாதம் தன் சேமிப்பையெல்லாம் வழித்துப் போட்டு மூன்றையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். லாரி கழுவும் இடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. புருஷன் ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள் அவரே போய்த் தண்ணீர்த் தொட்டி ஒன்று வாங்கிவந்தார்.

மூன்றில் ஒன்று ராங்கி. யார் தொட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இன்னொன்று குட்டையன். மூன்றாவதுதான் சொங்கி. பெயருக்கேற்ற பிராணி. நின்றால் நின்றதுதான், காது மேல் காக்கை உட்கார்ந்தாலும் விரட்டாது. கீழ் உதடு எப்போதும் தொங்கிக்கொண்டே இருக்கும். முதன்முதலாகக் குதிரை ஏறும் பிள்ளைகளை அவள் சொங்கி மேல்தான் ஏற்றுவாள்.

அடி வாங்கி வாங்கிக் கெட்டுப்போயிருந்த அந்தக் குதிரைகளுக்கு அவள் ஒரே ஒரு பாடம்தான் கற்றுக்கொடுத்தாள். கயிறு என் கையில் இருக்கும்வரை வேலை. இடி இடித்தாலும் நிற்கவேண்டும், நடக்கச் சொன்னால் நடக்கவேண்டும். கயிறு தரையில் விழுந்தால் வேலை முடிந்தது, தண்ணீர்த் தொட்டிக்குப் போகலாம். இந்த ஒன்றைப் பதியவைக்க அவளுக்கு ஏழு மாதம் பிடித்தது. குச்சி எடுத்ததில்லை, குரல் உயர்த்தியதில்லை. சவாரியெல்லாம் முடிந்ததும் சேணத்தை இறக்கிவிட்டுக் கயிற்றைக் கீழே போடுவாள். மூன்றும் வரிசையாகத் தொட்டியைப் பார்த்து நடக்கும். பூங்காவில் சவாரிப் பாதையின் ஓரத்திலும் அதற்காகவே ஒரு தொட்டி வைத்திருந்தாள். அதைப் பார்க்கவென்றே சிலர் காத்திருப்பார்கள்.

நான்கு வருடம் இப்படிப் போனது. அப்புறம் பூங்கா ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. பிறர் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றுகிறவர் பொறுப்புக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் இடத்தைக் காலி செய்யவேண்டும். கடிதம் வந்த மறுநாளே அவள் தம்பி வந்து நின்றான். இன்சூரன்ஸ் ஏஜென்ட். அக்கா உயிரோடு இருக்கிறாளா என்று கேட்க வருடத்துக்கு ஒருமுறை வருகிறவன், அன்று ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தான்.

"அக்கா, யாரோ பெத்த பிள்ளைய உன் குதிரை மேல ஏத்துற. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா? உன்னையே வித்தாலும் பத்தாது."

"இத்தனை வருஷமா இந்த அக்கறை எங்கடா போச்சு?"

"இப்பதான் கம்பெனியில இந்தத் திட்டமே வந்திருக்கு. உனக்குன்னே போட்ட மாதிரி இருக்கு, கையெழுத்து மட்டும் போடு."

அவன் அந்த மாதத்துக்குள் எட்டு பாலிசி பிடிக்கவேண்டும், ஏழுதான் ஆகியிருந்தது. அதை அவன் சொல்லவில்லை, அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாழைப்பழத்தை ராங்கிக்குக் கொடுத்துவிட்டு, பதினான்கு பக்கத்தையும் வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தாள். தம்பி மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்தான். இதையெல்லாம் யாரும் படிக்கமாட்டார்கள் அக்கா என்று இரண்டு முறை சொன்னான். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு விதி அவளுக்குப் பிடித்துப்போனது. குழந்தை மேலே இருக்கும் நேரம் முழுக்கப் பிராணியின் கயிறு பாலிசிதாரர் கையில் இருக்கவேண்டும், விட்டிருந்தால் கம்பெனி பொறுப்பில்லை.

"இத எழுதினவன் குதிரையைப் பாத்திருக்கான்" என்றாள்.

அதற்கடுத்த விதி அவ்வளவு பிடிக்கவில்லை. கயிறு கையில் இருந்தும் பிராணிக்குத் திடீரென்று வெறி பிடித்து விபத்து நடந்தால் கம்பெனி பணம் கொடுக்கும். கொடுத்த பிறகு அந்தப் பிராணி நிரந்தரமாக அகற்றப்படும்.

"அகற்றப்படும்னா? எங்க கொண்டு போவாங்க?"

"அதெல்லாம் கம்பெனி பாத்துக்கும்."

"எங்கடா?"

"ஊசி போட்டுருவாங்க அக்கா. வெறி பிடிச்சதை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

என் குதிரைக்கு வெறி பிடித்தால் அல்லவா என்று அவள் கையெழுத்துப் போட்டாள்.

விபத்து நடந்தது அதற்குப் பிறகு ஐந்தாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில். பூங்காவில் ஒரு பிறந்தநாள் கூட்டம். பலூன், தொப்பி, ஊதல், ஒரே இரைச்சல். பிறந்தநாள்காரி ஆறு வயதுப் பெண், வெள்ளைக் கவுன், தலையில் காகிதக் கிரீடம். அந்தப் பிள்ளையைச் சொங்கி மேல் ஏற்றி இரண்டு சுற்று கொண்டுபோய் நிறுத்தினாள். தகப்பன் செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்ட மனிதர். கூட்டத்தில் எல்லாரும் அவரை சார், சார் என்று அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தாம்மா, கொஞ்சம் தள்ளிக்க. போட்டோவுல நீ விழற."

"கயிறு என் கையில இருக்கணும் சார். வேணும்னா நான் இந்தப் பக்கம் குனிஞ்சுக்கிறேன்."

"கயிறும் விழக் கூடாது. பாப்பா தனியா ராணி மாதிரி இருக்கணும்."

"அது முடியாது சார்."

இப்படி எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். கத்தினவர்கள் உண்டு, கெஞ்சினவர்கள் உண்டு, காசை நீட்டினவர்களும் உண்டு. ஒருவரிடமும் அவள் மசிந்ததில்லை. இந்த மனிதர் கத்தவில்லை. கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தார். அவள் உடுப்பில் முழங்காலருகே லத்திக் கறை, கையில் குதிரை எச்சில், தோளில் வைக்கோல். அவர் மூக்கைச் சுளித்தார். பக்கத்தில் நின்ற பெண்களிடம் திரும்பி, "இது போட்டோவுலயே நாறும்போல இருக்கே" என்றார். அவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள்.

ஊரையெல்லாம் பார்த்து முகம் சுளித்தவளுக்கு, தன்னைப் பார்த்து ஒருவர் முகம் சுளித்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை. முகமெல்லாம் சுட்டது. கயிற்றைக் கீழே போட்டுவிட்டு மூன்றடி தள்ளி, ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். யோசித்துச் செய்ததில்லை. அவர்கள் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

கயிறு தரையில் விழுந்தது. சொங்கியைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. படம் எடுத்து முடிக்கும்வரைகூட நிற்காமல், நிதானமாகத் திரும்பித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து நடந்தது. வழியில் பாதையோரக் கம்பித் தடுப்பைச் சுற்றி வளைந்தது. குழந்தை ஒரு பக்கமாகச் சாய்ந்து, கம்பியில் முழங்கை மோதிக் கீழே விழுந்தது. அவள் ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சொங்கி தொட்டியில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்குத் தம்பி அரை மணி நேரத்தில் வந்துவிட்டான். குழந்தையின் முழங்கை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது, ஆபரேஷன் செய்து தகடு வைக்கவேண்டும் என்றார்கள். தகப்பன் வராந்தாவில் நின்று, இவளை உள்ளே தள்ளாமல் விடமாட்டேன், கொட்டகையோடு கொளுத்துவேன் என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். அந்தக் கோபத்தை அவள் மதித்தாள். பெற்றவனுக்கு வராமல் யாருக்கு வரும்?

தம்பி அவளை மாடிப்படி ஓரமாக ஒதுக்கினான். "அக்கா, கயிறு எங்க இருந்துச்சு?"

"தரையில. நான்தான் போட்டேன்."

"ஐயோ, அத மட்டும் வாயைத் திறந்து சொல்லிடாத. ஒன்பதாம் பக்கம். ஒரு பைசா வராது."

பிறகு அவன் அந்தத் தகப்பனைக் காபி மெஷின் பக்கம் கூட்டிப்போனான். பத்து நிமிடம் பேசினார்கள். திரும்பி வரும்போது அந்த மனிதர் கத்தவில்லை. தம்பியின் தோளில் கை போட்டிருந்தார், இரண்டு பேர் கையிலும் காபி. பாலிசியில் நல்ல தொகை வரும், ஆனால் குதிரைக்கு வெறி பிடித்தால்தான் வரும் என்பது பேச்சின் சாரம்.

"பாவம், இந்தம்மா என்ன செய்யும்?" என்றார் தகப்பன். "கயிறைக் கெட்டியாத்தான் பிடிச்சிருந்தாங்க. அந்தச் சனியன் திடீர்னு எகிறிடுச்சு. நானே பாத்தேன்."

"அந்தப் போட்டோ சார்? கயிறு தரையில கிடக்குமே" என்று தம்பி மெதுவாக நினைவுபடுத்தினான்.

"அதை அப்பவே அழிச்சிட்டேன்." அவர் செல்போனைத் தட்டிக் காட்டினார்.

உள்ளே பிள்ளை வலியில் கத்திக்கொண்டிருக்கிறது. இவர் வாசலில் நின்று, தன் பிள்ளை விழுந்ததற்கு ஒரு கதை கட்டி, அதற்குக் காபியும் குடிக்கிறார். ஆனால் ச்சீ என்ற அந்த ஒற்றைச் சொல் அன்று வாயில் வரவில்லை. உண்மையைச் சொன்னால், ஏன் கயிற்றை விட்டாய் என்று கேட்பார்கள். நாறுகிறாய் என்றார்கள், போய் ஒளிந்துகொண்டேன் என்று சொல்லவேண்டும். அதை யார் முன்னால் சொல்வது? புருஷன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "போடு கையெழுத்தை. குதிரைதானே" என்றார். அவள் போட்டாள். சொங்கிக்கு வெறி பிடித்தது என்று தம்பி எழுதிவைத்திருந்த இழப்பீட்டு மனுவில், அவள் பெயர் அவள் கையாலேயே விழுந்தது.

எழுதிக்கொடுத்ததைக் கம்பெனி அப்படியே நம்பிவிடுமா? ஒரு கால்நடை டாக்டரை அனுப்பினார்கள். ரப்பர் பூட்ஸ் போட்ட, அதிகம் பேசாத அம்மாள். வந்தார், கொட்டகையைப் பார்த்தார், "வெறி பிடிச்சது எது?" என்று கேட்டார்.

அவள் சொங்கியைக் காட்டினாள். சொங்கி உதட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு டாக்டரைப் பார்த்தது.

டாக்டர் அதன் காதருகே குடையைப் படாரென்று விரித்தார். தகரத் தட்டைக் கல்லால் தட்டினார். வாலைப் பிடித்து இழுத்தார். நான்கு காலையும் தூக்கித் தூக்கிப் பார்த்தார். சொங்கி கொட்டாவி விட்டது. விட்டது மட்டுமில்லை, டாக்டர் கையிலிருந்த குறிப்பு நோட்டின் ஓரத்தை மென்று பார்த்தது. கயிறு அவள் கையில் இருந்ததே, வேறென்ன செய்யும்? தம்பி பின்னால் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "நல்ல நேரத்துல நல்லாத்தான் இருக்கும் டாக்டர், திடீர்னுதான் வரும்" என்றான்.

"வரட்டும்" என்றார் டாக்டர். "அடுத்த வாரம் பாரம் ஏத்திப் பாக்கணும். குழந்தை எடைக்கு மணல் மூட்டை கொண்டு வர்றேன். அதுக்கும் இப்படியே நின்னா, மனு பொய்னு எழுத வேண்டியிருக்கும். அப்புறம் போலீஸ் விஷயம்."

அவர் போனதும் தம்பி அழ ஆரம்பித்தான். மனு பொய் என்று ஆனால் ஏஜென்ட் உரிமம் போய்விடும், கூட்டுச் சதி என்று வழக்குப் போடுவார்கள். பெண்டாட்டி பிள்ளையோடு நடுத்தெருவில் நிற்பேன் என்று மூக்கைச் சிந்தினான். சிந்தின கையைத் தீவன மூட்டையில் துடைத்தான். அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அவனுக்கு மூக்குத் துடைத்து, பல் தேய்த்துவிட்டது அவள்தான்.

அடுத்த வாரம், டாக்டர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், தம்பி சட்டைப்பையிலிருந்து ஒரு சோடா மூடியை எடுத்தான். விளிம்பைப் பல்பல்லாக நிமிர்த்தி வைத்திருந்தான்.

"சேணத்துக்குக் கீழ, துணிக்கு அடியில வச்சா போதும். பாரம் ஏறினதும் துள்ளும். ஒரு தடவை துள்ளட்டும் அக்கா, எல்லாரும் பிழைச்சுக்குவோம்."

"நீயே வை."

"சேணத்தோட போனா என்னைக் கிட்ட விடாது. நீ வச்சாதான் சும்மா நிக்கும்."

அது உண்மை. பழைய சேணப் புண்ணின் நினைவில், வேறு யார் சேணம் கட்டவந்தாலும் சொங்கி ஒதுங்கிப்போகும். இவள் கட்டினால் மட்டும் தானே வந்து பக்கவாட்டில் நின்று முதுகைக் காட்டும். புருஷனைப் பார்த்தாள். அவர் கொட்டகைக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லார் மேலும் வந்த வெறுப்பில் அவளுக்கு வாய் கசந்தது. கசந்த வாயோடு அந்த மூடியை வாங்கினாள். சொங்கி வந்து பக்கவாட்டில் நின்றது. துணியைத் தூக்கி, முதுகுத்தண்டுக்குச் சற்றுத் தள்ளி, மூடியை வைத்து, மேலே சேணத்தைப் போட்டு வயிற்றுக் கச்சையை இறுக்கினாள். இறுக்கும்போது அதன் தோல் ஒருமுறை சிலிர்த்தது. அவ்வளவுதான்.

டாக்டர் வந்தார். இரண்டு மணல் மூட்டை. ஒன்றைத் தூக்கிச் சேணத்தில் வைத்தார்கள். சொங்கியின் பின்னங்கால் ஒன்று தரையிலிருந்து எழுந்து, மறுபடி அதே இடத்தில் இறங்கியது. காது பின்னால் படிந்தது. தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. அவள் கயிற்றைப் பிடித்திருந்தாள். அதனால் நின்றது.

"நிக்குதே" என்றார் டாக்டர், நோட்டில் எழுதியபடி.

"ரெண்டாவது மூட்டையும் வைக்கலாம் டாக்டர்" என்று தம்பி தானே முந்திக்கொண்டு தூக்கினான். வைத்ததோடு விடவில்லை. சரியாக உட்காரவில்லை என்று சொல்லிக்கொண்டு முழங்கையால் மேலிருந்து ஓர் அழுத்து அழுத்தினான்.

சொங்கியிடமிருந்து ஒரு முனகல் வந்தது. அத்தனை வருடத்தில் அதன் குரலை இப்படி அவள் கேட்டதில்லை. விலா எலும்பு ஏறி இறங்கியது, கழுத்தில் வியர்வை பொடித்தது. நான்கு காலும் நடுங்கின. ஆனால் ஓர் அங்குலம் நகரவில்லை. நகரவும் நகராது. முதுகில் அந்தத் தகரம் எலும்பு வரை இறங்கினாலும், கயிறு இவள் கையில் இருக்கும்வரை நின்றுகொண்டேதான் இருக்கும். அதைத்தானே ஏழு மாதம் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தாள்.

தம்பி அவளைப் பார்த்து, பிடி, பிடி, இப்போது துள்ளும் என்று கண்ணைக் காட்டினான்.

அவள் கயிற்றைக் கீழே போட்டாள்.

சொங்கி துள்ளவில்லை, உதைக்கவில்லை. வேலை முடிந்தது என்று எடுத்துக்கொண்டு, நொண்டி நொண்டித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து நடந்தது. கொட்டகைத் தூணைச் சுற்றி வளைந்தபோது, மேலே இருந்த மூட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து தூணில் இடித்துக் கீழே விழுந்து பிளந்தது. மணல் சிதறியது. இன்னொரு மூட்டை தொட்டிக்கருகே விழுந்தது.

டாக்டர் மணலைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். "குழந்தையும் இப்படித்தான் விழுந்துச்சா?"

"இப்படியேதான் டாக்டரம்மா" என்றாள். "வெறியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் கயிறைப் போட்டேன். போட்டா போகணும்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அது போச்சு. என் உடம்பு நாறுதுன்னு அந்த ஆளு சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு, மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். பிள்ளையை விட்டுட்டு ஒளிஞ்சுக்கிட்டேன்."

"அக்கா!" என்றான் தம்பி.

"வாயை மூடுடா."

சொங்கி தொட்டிக்கருகே நின்றதே தவிரக் குடிக்கவில்லை. அவள் போய்க் கச்சையை அவிழ்த்து, சேணத்தை இறக்கினாள். துணி ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்தெடுத்தபோது மூடியும் கூடவே வந்தது, அதன் பல்லில் ரோமமும் ரத்தமும். அதை டாக்டரிடம் நீட்டி, "இதையும் நான்தான் வச்சேன், எழுதிக்குங்க" என்றாள். டாக்டர் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து விரித்துப் பிடித்தார், அவள் அதற்குள் போட்டாள். பிறகு அவரே உட்கார்ந்து காயத்தைக் கழுவி, மருந்து வைத்து, மூன்று தையல் போட்டார்.

உண்மை சொன்னதற்கு யாரும் அவளைத் தோளில் தூக்கிவைத்து ஆடவில்லை. கம்பெனி கையை விரித்தது. தானே முன்வந்து சொன்னதால் வழக்கு மட்டும் இல்லை என்று எழுதினார்கள். தம்பியின் உரிமம் போனது. அவன் அதற்குப் பிறகு அவள் வாசலை மிதிக்கவில்லை. கறுப்புக் கண்ணாடிக்காரர், தான் எதுவும் சொல்லவேயில்லை, அந்தப் பொம்பளைக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று வக்கீலை வைத்து எழுதினார். பிள்ளையின் ஆபரேஷன் செலவுக்காக ராங்கியையும் குட்டையனையும் ஒரு சவாரிப் பள்ளிக்கு விற்றாள். காப்பீடு இல்லாதவளுக்குப் பூங்காவில் இடமில்லை. மறுபடியும் வேனில் ஆயாவாக ஏறிக்கொண்டாள். பிள்ளையின் கை கூடிவிட்டது, கொஞ்சம் கோணல் இருக்கும் என்றார்கள்.

டாக்டர் சொங்கிக்கு ஒரு சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். முத்திரை குத்தியது. 'சாதுவான பிராணி. பரிசோதனையின் எந்தக் கட்டத்திலும் மூர்க்கமோ மிரட்சியோ காட்டவில்லை. அகற்றத் தேவையில்லை.' புருஷன் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொட்டகையில் மாட்டினார். குதிரை பிழைத்துவிட்டது, அப்புறம் என்ன என்று கேட்டார்.

தையல் பிரித்துப் பத்து நாள் கழித்து, முதுகு பழக்கம் விட்டுப்போகக் கூடாதே என்று, ஒருநாள் காலையில் அவள் சேணத்தை எடுத்துக்கொண்டு போனாள். கயிறு இடது கையில் இருந்தது. துணியை உதறிக் காட்டினாள், கீழே ஒன்றுமில்லை என்று இரண்டு பக்கமும் தடவிக் காட்டினாள். "வா" என்றாள். சொங்கி வந்து பக்கவாட்டில் நிற்கவில்லை. அவள் கையைப் பார்த்தது. பிறகு, கயிறு அவள் கையில் இருக்கும்போதே, ஓர் அடி பின்னால் நகர்ந்தது. அவள் ஓர் அடி முன்னால் வைத்தாள். அது இன்னோர் அடி நகர்ந்து, சுவரில் முட்டி, மேலே போக இடமில்லாமல் நின்று நடுங்கியது.

தம்பி மேல், அந்த மனிதர் மேல், சிரித்த பெண்கள் மேல் இத்தனை நாள் வைத்திருந்த அருவருப்பு முழுக்க அந்த நிமிடம் அவளை விட்டுப் போய்விட்டது. மிச்சமிருந்தது, அந்த மூடியை வைத்த தன் கை மட்டும்தான். அவள் சேணத்தைக் கீழே வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்ற குதிரைக்கு வழிவிட்டு விலகி நின்றாள்.